ஒரு சொல் விழுங்கிய நாடு

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஓர் இனத்தார் கூறுவதை வேறோர் இனத்தார் எவ்வாறு உணர்ந்து கொள்கின்றனர், எவ்விடத்துப் பிறழ உணர்கின்றனர் என்று ஆராய்வதற்கு இற்றை நாளில் ஒரு தனித் துறையே உண்டு. அமெரிக்க மாந்தவியல் அறிஞர் எட்வர்டு ஆல் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பேசா மொழி' என்னும் நூலை அத் துறையினர் தம் தொடக்கமாகக் காட்டுவர். சொல் மட்டுமன்று, இருவர் நிற்கும் இடைத்தொலைவும், ஒருவரை ஒருவர் காக்கவைக்கும் நேரமும், வாய்மூடியிருத்தலுங்கூடச் செய்தி சொல்லும் என்பது அவர் நிறுவிய உண்மை. அதிற் பிழையில்லை. ஆயின், அவ்வாராய்ச்சி முளைத்த இடத்தை மறத்தலாகாது. அயல்நாடுகளுக்கு அனுப்பப்பெறும் அமெரிக்க அரசலுவலரைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தில் அது முளைத்தது. பிறர் நாட்டிற்குச் சென்று தன் வினை முடிப்பவனுக்கு அவ்வறிவு வேண்டியிருந்தது. தன் நாட்டிற்குள் பிறன் வந்து நிற்கக் காண்பவனுக்கோ அஃது உயிரினும் வேண்டியது. இதற்குச் சான்று நியூசீலாந்து.

1840ஆம் ஆண்டு பிப்பிரவரி 6ஆம் நாள், அத் தீவின் வடபால் வைத்தாங்கி என்னும் கடற்கரையிடத்தில், பிரித்தானிய அரசியின் சார்பாளர் வில்லியம் ஆப்சன் என்பாருக்கும் மவோரித் தலைவர் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர்க்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அதனை மவோரி மொழியில் பெயர்த்தவர் என்றி வில்லியம்சு என்னும் கிறித்தவ நெறிபரப்புநரும் அவர்தம் மகனும். பெயர்க்கக் கிடைத்த காலம் ஓரிரவு. பிப்பிரவரி 4ஆம் நாள் இரவு. ஒரு நாட்டின் தலையெழுத்தை ஒரே இரவில் மொழிபெயர்த்து முடித்தனர்!

ஆங்கில ஆவணத்தின் முதற் கூறு, தலைவர்கள் தம் 'இறைமை' முழுவதையும் அரசிக்கு விட்டுக் கொடுப்பதாகச் சொல்கின்றது. மவோரி ஆவணத்தில் அவ்விடத்து நிற்குஞ் சொல் 'காவனாத்தங்கா'. இச்சொல் மவோரி மண்ணில் முளைத்ததன்று. ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மவோரியர் நாவிற்கேற்பத் திரித்துக் 'காவனா' என்றாக்கி, அதனொடு தன்மையைக் குறிக்கும் 'தங்கா' என்னும் ஈற்றை ஒட்டினர். 'ஆளுநர்த் தன்மை' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மவோரியர் அறிந்த காவனாக்கள் யாவர்? விவிலிய மொழிபெயர்ப்பில் ஏசுவை உசாவிய பிலாத்து ஒருவன். கடல் கடந்து ஆத்திரேலியாவில் இருந்த ஆங்கில ஆளுநர் மற்றொருவர். தம் மண்ணில் வந்து குடித்துக் கலகம் விளைக்கும் வெள்ளையரை அடக்க ஒரு காவனா வருவது நல்லதே என்று தலைவர் பலர் எண்ணியதில் வியப்பென்ன?

இரண்டாங் கூறு இன்னும் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில், நிலமும் காடும் மீன்பிடி நீரும் அவர்தம் உடைமையாகவே இருக்கும் என்றுள்ளது. மவோரியில், நிலம், ஊர், அருஞ்செல்வம் ஆகிய அனைத்தின்மேலும் தலைவர்க்குரிய 'இரங்காத்திராத்தங்கா' நிலைக்கும் என்றுள்ளது. இரங்காத்திரா என்பது தலைவன். அவனது முழுத் தலைமையுரிமை அச்சொல்லின் பொருள். ஆகவே ஒரே தாளின் ஒரு மொழி, தலைமையைக் கொடுத்துவிட்டாய் என்கின்றது; மறுமொழி, தலைமை உன்னிடமே இருக்கின்றது என்கின்றது.

இறைமையை உணர்த்த மவோரியில் சொல் இல்லையா? இருந்தது. 'மனா' என்பது அது. ஆற்றல், பெருமை, ஆணை ஆகிய மூன்றும் ஒன்றாய்த் திரண்ட சொல். 1835ஆம் ஆண்டு அக்தோபர் 28ஆம் நாள் 34 தலைவர்கள் கையொப்பமிட்ட விடுதலைச் சாற்றுரையில், நாட்டின் இறைமையைக் குறிக்க அச்சொல் இடப்பெற்றது. அவ்வாவணத்தை மவோரியில் பெயர்த்தவரும் இதே வில்லியம்சுதான்! ஐந்தாண்டிற்கு முன் அவர் எழுதுகோலுக்கு அகப்பட்ட சொல் 1840இல் எங்கே போயிற்று? மனாவைக் கொடு என்று கேட்டிருந்தால் எத்தலைவனும் கையெழுத்திட்டிருக்க மாட்டான் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவர் நெஞ்சிற் புகுந்து பார்த்தல் யார்க்கும் இயலாது. ஆனால் விளைவு கண்முன் நிற்கின்றது. தன் வேரிலிருந்து எழுந்த சொல் தன் பொருளை ஒளிக்காது. வேரற்று வந்து ஒட்டிக்கொண்ட சொல்லோ, இட்டவன் நினைத்த பொருளையெல்லாம் தன்னுள் மறைத்து வைத்துக்கொள்ளும். எழுத்தைத் திரித்துவிட்டால் அயற்சொல் தன் சொல்லாகிவிடும் என்று அமைந்திருப்போர், காவனா என்னும் அம் மூன்றெழுத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வவையில் ஒருவர் எழுந்து தடுத்தார். அவர் வில்லியம் கொலன்சோ. மவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்ட அச்சாளர். இத் தலைவர்கள் தாம் கையெழுத்திடுவதன் பொருளை உணர்ந்துள்ளனர் என்று நினைக்கின்றீர்களா என்று ஆப்சனைக் கேட்டார். தம்மாலியன்றதைச் செய்துவிட்டதாகவும், உணராவிடின் அது தம் குற்றமன்றென்றும் ஆப்சன் விடையிறுத்தார். கொலன்சோவின் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. அதற்குச் சில ஆண்டுகட்கு முன் மவோரியர் கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்திய ஒரு வெண்கல மணியின் உடைந்த பகுதியைக் கண்டெடுத்தவர் அவரே. அதில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பெற்றிருந்தன. முகைதீன் என்னும் பெயர் தாங்கிய கப்பலின் மணி. இன்று அது வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. கப்பலில் நேரம் அறிவித்த மணி, அதன் எழுத்தை அறியாதார் கையில் சமையற்கலமாயிற்று.

ஆண்டு முடிவதற்குள் 500 தலைவர்கட்கு மேல் கையொப்பமிட்டனர். அவருள் 39 பேர் தவிர ஏனையோர் அனைவரும் மவோரி ஆவணத்திலேயே இட்டனர். சிலர் தம் முகத்திற் குத்திய பச்சைக் கோலத்தின் ஒரு கூற்றையே கையொப்பமாக வரைந்தனர். எழுத்தும் பேச்சும் இவ்விரு இனத்தார்க்கும் ஒரே நிறையுடையனவல்ல என்பதை மெக்கன்சி என்னும் நூலியல் அறிஞர் 1985இல் விளக்கினார். மவோரியர்க்கு முதல்நாள் அவையில் வாய்விட்டுப் பேசியதே உடன்படிக்கை. ஆங்கிலேயர்க்குத் தாளே உடன்படிக்கை. வடபாற் தலைவர் பனாகரேயாவோ, நிலத்தின் நிழல் அரசியைச் சேரும், நிலம் எம்மிடம் இருக்கும் என்று முதலிற் கருதினார். ஓராண்டு கழிவதற்குள் அதனைத் தலைகீழாக மாற்றிச் சொல்ல நேர்ந்தது.

முதலிற் கையெழுத்திட்ட ஓனே எக்கேயே 1844இலும் 1845இலும் ஆங்கிலக் கொடிமரத்தை மீண்டும் மீண்டும் வெட்டி வீழ்த்தினார். போர் மூண்டது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலம் பறிக்கப்பெற்றது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளியில் ஆங்கிலம் புகுந்தது. 1877இல் ஒரு வழக்கில் உடன்படிக்கையே வெறுமை என்று நடுவர் தீர்ப்புரைத்தார்.

இதே ஏமாற்று எத்தியோப்பியாவிலும் நடந்தது. 1889ஆம் ஆண்டு உச்சாலி உடன்படிக்கையின் 17ஆம் கூறு, அயல்நாட்டுத் தொடர்பிற்கு இத்தாலியின் துணையைப் 'பெறலாம்' என்று அம்காரிய மொழியில் இருந்தது. இத்தாலிய மொழியிலோ அது கட்டாயமாக இருந்தது. மெனெலிக்கு மன்னர் அதனை அறிந்து மறுத்தார். 1896இல் அடுவாப் போர்க்களத்தில் இத்தாலியப் படையை முறியடித்தார். அவரிடம் படையிருந்தது, அதனால் வழு திருந்திற்று.

மவோரியர்க்கு அத் திருத்தம் ஆராய்ச்சியால் வந்தது. 1972இல் உரூத்து இராசு என்னும் வரலாற்று அம்மையார் இரு ஆவணங்களையும் சொல்சொல்லாக ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைந்தார். அவ்வாண்டே 30,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுத் தம் மொழியைப் பள்ளியில் கற்பிக்குமாறு பாராளுமன்றத்தில் முறையிட்டனர். 1975இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் அமைந்தது. 1982இல் பாட்டியர் மடியில் குழந்தைகள் தாய்மொழி பயிலும் 'மொழிக்கூடு' தொடங்கிற்று. உடன்படிக்கையில் உள்ள 'அருஞ்செல்வம்' என்னுஞ் சொல் மவோரி மொழியையும் குறிக்கும் என்று 1986இல் தீர்ப்பாயம் உரைத்தது. 1987இல் அம்மொழி ஆட்சிமொழியாயிற்று. எந்த ஆவணத்தால் நாடு போயிற்றோ, அதே ஆவணத்தில் நின்ற தாய்மொழிச் சொல்லொன்று மொழியை மீட்டது!

1840 பிப்பிரவரியில் கையொப்பமிட்ட தலைவர்கள் தம் இறைமையை விட்டுக் கொடுக்கவில்லை என்று அத் தீர்ப்பாயம் 2014இல் முடிவுரைத்தது. உடன்படிக்கையின் கோட்பாடுகட்குப் புதுப்பொருள் வகுக்க 2024 நவம்பரில் ஒரு சட்டமுன்வரைவு கொணரப்பெற்றபோது, பாராளுமன்றத்தினுள்ளேயே மவோரிய உறுப்பினர் எழுந்து தம் முன்னோரின் ஆக்கா ஆடினர். வெல்லிங்டன் தெருக்களில் பல்லாயிரவர் திரண்டனர். 2025 ஏப்பிரல் 10ஆம் நாள் அம் முன்வரைவு 112 ஒப்போலைகளுக்கு 11 என்னும் கணக்கில் தோற்றது.