கருப்பு யார்?

(திருப்பாலைவனம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

1997-98ல் சன் டி.வி.யில் வாரந்தோறும் வந்த "விடாது கருப்பு" என்னும் மர்மதேசக் கதையை இன்று பலர் வீட்டிலிருந்தபடியே யூடியூபில் திரும்பப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா எடுத்த அக்கதையில், கொலை விழும்போதெல்லாம் கருப்புசாமியின் தண்டனையென்றே ஊரார் நடுங்குகிறார்கள். முடிவில் பார்த்தாலோ சாமியுமில்லை, பூதமுமில்லை. மனம் பிளவுபட்ட ஒரு மனிதன்! பேய்க்கதையிலிருந்து அறிவுக்கதைக்கு இது பாதி வழி. ஆனால், மாதக்கணக்காய்ப் பயத்தை ஊட்டிவிட்டு உண்மையைக் கடைசியில் வைத்தால், நடுவில் விட்டவனுக்கு மிஞ்சுவது பயந்தானே?

அப்பயத்தின் விலை என்ன தெரியுமா? 2001 ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். மாண்டவர் 28 பேர். வியாதியைப் பேயென்று நம்பி, வைத்தியத்தை விட்டுத் தர்க்காவைத் தேடியதன் பலன் இது. கோவிலானாலும் மாதாகோவிலானாலும் கதை ஒன்றே.

ஆகவே பழவேற்காட்டுத் தோழர்களே! முடிவை முதலில் பாருங்கள். பிறகு ஆதியிலிருந்து பார்த்து, எந்தெந்த இடத்தில் நம்மைப் பயமுறுத்தினார்கள் என்று கண்டுகொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் பூசாரியைத் தேடாதீர்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.