திடீரென்று வளைவது ஏன்?
(கொடைக்கானலில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேசப்போவது ஒரு இரும்புத் தகட்டைப் பற்றி. பொதுக்கூட்டத்தில் கொல்லன் பட்டறைச் சங்கதி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் ஜனங்களுடைய மூடநம்பிக்கையில் பெரும்பாகம் "திடீரென்று நடந்தது" என்ற வார்த்தைக்குள்ளேயே குடியிருக்கிறது. நேற்றுவரை நேராய் நின்ற சாரக்கம்பு இன்று வளைந்து ஒடிந்தால், அதன் நீளமென்ன, பருமனென்ன, ஏற்றிய பாரமென்ன என்று யார் கேட்கிறார்கள்? காலையில் எதிரே வந்த விதவை யார் என்றல்லவா தேடுகிறார்கள்! கம்பு ஒடிந்த பழியை ஒரு பெண்பிள்ளை சுமக்க வேண்டியிருக்கிறது.

1744-லேயே ஆய்லர் என்னும் கணித நிபுணர் இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். பருமன் மாறாமல் கம்பின் நீளத்தை மட்டும் இரண்டு பங்காக்கினால், அது வளையாமல் தாங்கும் பாரம் நாலில் ஒரு பங்காகிவிடும். அந்த எல்லை வரையில் நிற்கும், தாண்டினால் வளையும்.

பாரமே ஏற்றாமலும் வளைக்கலாம். இதோ, இரும்பறுக்கும் ரம்பத்தின் பிளேடு. இதன் அடியை வைஸில் இறுக்கியிருக்கிறேன். மேல்நுனிக்கு இரண்டு பக்கமும் சமதூரத்தில் ஒவ்வொரு காந்தம். இரண்டும் சமமாய் இழுப்பதால் பிளேடு நேரே நிற்கிறது. விரலால் சற்று வலப்பக்கம் தள்ளினால் வலது காந்தத்தின் இழுப்பு கூடும், இடதின் இழுப்பு குறையும். ஆனாலும் எஃகின் விறைப்பு அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. காந்தங்களை நெருக்க நெருக்க இழுப்பு வளர்கிறது, விறைப்போ வளர்வதில்லை. இழுப்பு விறைப்பை மிஞ்சும் இடத்தில் பிளேடு ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம்? விதியா தீர்மானிக்கிறது? பிளேடில் முன்பே இருந்த, கண்ணுக்குத் தெரியாத சிறு கோணல்தான்! நீளத்தை இரட்டித்தால் நுனியின் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். ஆகவே அப்போது காந்தம் இன்னும் தூரத்திலிருக்கும்போதே சாய்ந்துவிடும். மெல்லிய தகடு காந்தப் புலத்தில் இவ்விதம் வளைவதை 1968-ல் அமெரிக்காவில் மூன், பாவோ என்ற இருவர் கணக்கிட்டும் செய்து பார்த்தும் எழுதினார்கள்.

இதைப் பழநி மலைமேல் வந்து சொல்வானேன் என்றால், 1899-ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சிக்கூடம் இங்கேதான் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் காந்தசக்தி உண்டென்று 1908-ல் மவுண்ட் வில்சனில் ஹேல் கண்டார். மறுவருஷமே, புள்ளியைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதை இதே கொடைக்கானலில் எவர்ஷெட் கண்டார். சூரியன்மேல் காந்த வளைவுகளில் தொங்கும் வாயுப் பாளங்களையும் இங்கே வருஷக்கணக்காய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். அவை நாட்கணக்கில் அசையாமல் நின்று, பிறகு சட்டென்று கிளம்பி வெடிப்பதுண்டு. அங்கே எஃகு ஏது? காந்தக் கோடுகளின் இழுவிசையே விறைப்பாய் நிற்கிறது. கயிறு திரிக்கிறவர்களைக் கேளுங்கள். முறுக்கு மிஞ்சினால் நேரான கயிறு தானே மடிந்து வளையம் போடும். சூரிய வெடிப்புகளுக்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று.

1989 மார்ச் 13-ல் சூரியனிலிருந்து வந்த அப்படிப்பட்ட ஒரு வெடிப்பால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். அங்கே எந்த விதவையைத் தேடுவது?

சரி, இப்போது காந்தங்களை நெருக்கப்போகிறேன். முன்வரிசைத் தோழர் ஒருவர் அடிக்கோலோடு வாருங்கள். எந்தத் தூரத்தில் சாய்கிறதென்று அளந்து நீங்களே உரக்கச் சொல்லுங்கள்.