அரக்கில் உறையும் நாதம்



இலண்டன் மாநகரில் செயின்ட் ஜார்ஜ் மண்டபம் என்றொரு கட்டடம் இருந்தது. பி.பி.சி. நிலையத்தார் 1936ஆம் ஆண்டில் அங்கே ஒரு தியேட்டர் ஆர்கனை அமைத்தனர். ரெஜினால்ட் ஃபூர்ட் என்பார் அதனை வாசித்தார். 1941இல் விமானக் குண்டு வீச்சினால் அது மண்டபத்தோடு அழிந்தது. ஆயினும் அதன் நாதத்தை இன்றும் கேட்கலாம். எங்ஙனம்? பழைய அரக்கு இசைத்தட்டுகளின் வாயிலாக!

தியேட்டர் ஆர்கன் என்பது யாது? ஊமைப் படக் காலத்தில், ஒருவரே அமர்ந்து ஒரு வாத்தியக் குழுவின் ஒலிகளையெல்லாம் எழுப்புவதற்கென அமைந்த கருவி அது. காற்றுப் புகுந்து குழல்கள் ஒலிக்கும். முரசும் மணியும் கூட விசையால் முழங்கும். 1927க்குப் பின் பேசும் படங்கள் பெருகின. பல அரங்குகளில் ஆர்கனுக்கு வேலை இல்லாது போயிற்று. பிரித்து விற்கப்பட்டவை பல.

ஆகவே, இத்தட்டுகளைத் திரட்டுவோர் வேடிக்கைப் பொருள் சேர்ப்போர் அல்லர். மறைந்த குரல்களைக் காப்போர். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். அதற்கு வேண்டிய அரக்கோ, நம் நாட்டுக் காடுகளில் புரசு முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி தந்தது. விழுந்தால் நொறுங்கும், சாராயம் பட்டால் கரையும். ஆதலின் நிமிர்த்தி வைத்து, மெல்லிய துணியால் துடைத்தல் வேண்டும். வாசித்தவர் யார், ஆர்கன் எவ்வரங்கினது என்று தட்டின் நடுவிலுள்ள சீட்டைப் படித்துக் குறித்தலும் வேண்டும்.

கல்லால் எழுப்பிய மண்டபம் வீழ்ந்தது; பூச்சி தந்த அரக்கு அதன் குரலைக் காத்தது. அவ்வரக்கைக் காப்பது நம் கடன் அன்றோ?