மூன்று கல் அடுப்பு



சிட்னியில் இருக்கும் என் அக்கா மகன் பொங்கல் சமயத்தில் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். தைலமரக் காட்டில் ஒரு கூடாரம், மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு, சுற்றிலும் பிள்ளைகள். "மூணு நாள் காட்டுலயே தங்கினோம் ஆயா. இதுக்குப் பேரு கேம்பிங்" என்றான். தேவிகாபுரத்துத் திண்ணையில் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா படத்தை ஒரு தடவை பார்த்தாள். "படவேட்டுக்குப் போறதுதானடா இது? எங்க, விறகையே காணோம்?"

அம்மா சொன்னது சரிதான். ஆடியில் கல்யாணம் கிடையாது. நாங்கள் நெய்யும் பட்டுக்குக் கேட்பாரில்லை, தறிக்கு அடுத்த பாவு வர நாளாகும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டே பொழுதைக் கழிக்கும் அப்பாவுக்கு அந்த இடைவெளிதான் விடுமுறை. வியாழக்கிழமை மத்தியானம் வண்டி கட்டுவோம். போளூர், சந்தவாசல் தாண்டிப் போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் படவேடு. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். எங்களுக்கு அது ரேணுகாம்பாள் அம்மன் ஊர், அவ்வளவுதான்.

அங்கே ராத்திரி தங்க, இரண்டு மரங்களுக்கு நடுவே படுதாவை இழுத்துக் கட்டுவார் அப்பா. கட்டிய வேகத்திலேயே அது ஒரு பக்கம் தொங்கும். முடி போன்ற பட்டு இழையை இருட்டில்கூடப் பிணைக்கிற விரல்களுக்குக் கயிற்று முடிச்சு வரவே வராது! ஒரு வருடம் ராத்திரி பெய்த மழையில் படுதா மொத்தமாக எங்கள் மேல் விழுந்தது. பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்கு அடியில் சுருண்டுகொண்டோம். அம்மா மட்டும் நனைந்தபடி, மூன்று கல் அடுப்பின் மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அந்தக் கங்கிலேயே அம்மனுக்குப் பொங்கல் பொங்கியது.

படவேட்டில் பிரசாதம், மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் திருநீறு. ஜமதக்னி முனிவர் வேள்வி செய்த இடத்துச் சாம்பல் என்பார்கள். பாவு பிணைக்கும்போது இழை வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வது நெசவு வழக்கம். ஊர் திரும்பியதும் வருகிற முதல் பாவுக்கு மட்டும் அப்பா அந்தத் திருநீற்றைத்தான் தொடுவார்.

விறகு ஏன் இல்லை என்று அம்மா கேட்டாளே, அதற்கும் பேரன் பதில் சொன்னான். பொங்கல் சமயம் அங்கே கடும் கோடை. தீத்தடை அறிவித்த நாளில் காட்டில் விறகு மூட்டினால் அபராதம். தைலமர இலையின் எண்ணெய் சட்டென்று பற்றிக்கொள்ளுமாம். 2019-20 கோடையில் அந்த நாட்டில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்துபோனது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாங்க கிளம்பும்போது ஒரு குடம் தண்ணி ஊத்திட்டுத்தான் வருவோம்" என்றாள்.

இப்போது படவேட்டுக்கு வேனில் போய் அன்றைக்கே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் பொங்கல் வைக்காமல் யாரும் வருவதில்லை. இந்த ஆடியில் போகிறவர்கள், வண்டி ஏறுமுன் அடுப்பில் அந்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு வாருங்கள்.