தீ முன்னால் வருமா, பின்னால் வருமா?



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கொஞ்சம் விசித்திரமானது. வீட்டிலேயே மலிவாக ஒரு டார்ச் லைட் செய்வது; அதன் வெளிச்சத்தால் காகிதத்தைக் கொளுத்துவது! சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் படிவம் மூன்றோ நான்கோ படிக்கிற பையன் இருந்தால், கேட்டுப் பாருங்கள். அந்தக் காணொளியை அவன் பார்த்திருப்பான்.

இந்த ஆசை புதியதும் அல்ல. 2000-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேயே ஹாங்காங்கின் விக்கட் லேசர்ஸ் நிறுவனம், 4,100 லூமன் ஒளி தரும், முட்டையும் பொரிக்கும் என்று விளம்பரம் செய்து ஒரு டார்ச் லைட்டை விற்றது. அதை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களும், வாங்குவதைவிடச் செய்து பார்ப்பதில் சுகம் காண்பவர்களும் வீட்டிலேயே முயற்சி செய்தார்கள்.

நம் மக்களுக்கு நெருப்பு விளக்கு அந்நியமா? இல்லை. தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிமார் நெற்றியில் கட்டியிருந்தது கார்பைடு விளக்கு. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டும். அசிட்டிலின் வாயு பிறக்கும். அது சிறு துளை வழியே வந்து எரியும். நெருப்பை நெற்றியில் சுமந்து பிழைத்த சமூகம் நாம். ஆனால் அந்த நெருப்பு எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று பேச வேண்டிய விஷயமும் அதுதான்.

முதலில், வெளிச்சம் எப்படிச் சுடுகிறது? 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பூதக்கண்ணாடியை உச்சி வெயிலில் பிடித்தால், அதில் விழும் சூரிய சக்தி ஏறக்குறைய 8 வாட். அவ்வளவுதான். அதைப் புள்ளியாகக் குவிப்பதால் காகிதம் பற்றுகிறது. காகிதம் பற்ற சுமார் 230 டிகிரி செல்சியஸ் போதும். கறுப்புக் காகிதம் ஒளியை விழுங்குவதால் முதலில் பற்றும். வெள்ளைக் காகிதம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தாமதிக்கும்.

வீட்டில் செய்யும் டார்ச்சில் போடுவது 12 வோல்ட், 100 வாட் ஆலசன் பல்பு. அதற்குள் செல்லும் மின்சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாவதில்லை. மிச்சமெல்லாம் வெப்பம். அதாவது, அது விளக்கு வேடம் போட்ட அடுப்பு! காணொளியை உற்றுப் பாருங்கள். காகிதத்தை டார்ச்சின் வாயோடு ஒட்டிப் பிடித்திருப்பார்கள். சில அடி தள்ளி வைத்தால் பற்றாது, ஒளிக்கற்றை விரிந்துவிடும்.

சரி, செய்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேட்டரி போடும் பழைய டார்ச் லைட்டில் ஓடிய மின்னோட்டம் அரை ஆம்பியர். 12 வோல்ட்டில் 100 வாட் வேண்டுமென்றால் 8 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மின்னோட்டம் 16 மடங்கானால், அதே கம்பியில், அதே சுவிட்சில் பிறக்கும் சூடு 16 மடங்கு அல்ல, 256 மடங்கு! பழைய டார்ச்சின் சுவிட்ச் இதைத் தாங்குமா? பிளாஸ்டிக் பிரதிபலிப்பான் தாங்குமா? உருகிவிடும். அதனால்தான் நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் உலோகப் பிரதிபலிப்பானும், வெப்பம் தாங்கும் கண்ணாடியும், தடித்த கம்பியும் போடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பேட்டரி. மலிவு என்றதும் பையன்கள் தேடிப்போவது பழைய மடிக்கணினி பேட்டரியை. அதை உடைத்தால் விரல் பருமனில் லித்தியம் அயன் மின்கலங்கள் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். ஆனால் உடைக்கும்போது, அளவுக்கு மீறி மின்னேற்றாமலும் வடிக்காமலும் காவல் காத்த மின்சுற்று போய்விடுகிறது. மூன்று கலங்களை வரிசையாக இணைத்து, அதில் ஒன்று நலிந்ததாக இருந்தால், மற்ற இரண்டும் அதை வதைத்துவிடும். பிறகு அது வீங்கும், புகையும், வெடிக்கும். இணையக் கடைகளில் இந்த அளவு கலத்துக்கு 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்து விற்கிறார்கள். நல்ல நிறுவனங்களின் கலமே பெரும்பாலும் 3,500 அளவில்தான் இருக்கும். பாதுகாப்பில் பெரும் பணம் போடும் நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. 2006-இல் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2016-இல் சாம்சங் நோட் 7 கைப்பேசியையே சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

ஆகவே நேயர்களே, இந்த விளக்கில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும், நெருப்பைக் கட்டுக்குள் வைக்கும் பாகத்திலிருந்து பிடுங்கியது. பையன் எதிர்பார்ப்பது டார்ச்சின் முன்பக்கத்தில் தீ. மலிவாகச் செய்தால் அது பின்பக்கத்தில், அவன் உள்ளங்கையில் வரும். இன்னொன்று கண். விழித்திரைக்கு வலி தெரியாது. சேதம் ஆன பிறகுதான் பார்வை சொல்லும்.

அப்படியானால் பையனைத் தடுப்பதா? வேண்டாம். தடுத்தால் கட்டிலுக்கு அடியில் வைத்துச் செய்வான். அவன் கையில் உருப்படியான வேலையைக் கொடுங்கள். 2021 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது கிள்ளானிலும் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் மக்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் இல்லை, கூரையில் மனிதர்கள். அந்த இரவில் எந்த விளக்கு வேண்டும்? மூன்று கலம் போட்ட 100 வாட் அடுப்பு இருபது நிமிடம்கூடத் தாங்காது. ஒரே ஒரு நல்ல கலத்தில் ஒரு வாட் எல்.இ.டி. ஏழெட்டு மணி நேரம் எரியும். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தது சும்மாவா?

பையனைக் கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்கு அழைத்துப் போங்கள். மின்னணு உதிரிப் பாகக் கடைகள் அங்கே வரிசையாக உண்டு. ஓர் எல்.இ.டி., வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஓர் அலுமினியத் துண்டு, மின்னோட்டத்தைச் சீராக்கும் சிறு பலகை, பாதுகாப்புச் சுற்றுள்ள ஒரு கலம், ஒரு ஃபியூஸ், அந்தக் கலத்துக்கே உரிய சார்ஜர். இவை போதும். மேசையில் அவன் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். படுக்கையறையில் சார்ஜ் போடாதீர்கள், போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வீங்கிய கலத்தைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புகை வந்தால் எல்லோரும் வெளியேறி 999-க்கு அழையுங்கள்.

காகிதத்தைக் கொளுத்தியவனை நண்பர்கள் ஐந்து நிமிடம் மெச்சுவார்கள். இருண்ட தாமானில் விடியும் வரை எரியும் விளக்கைச் செய்தவனை அண்டை வீட்டார் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். இரண்டுக்கும் தேவை அதே மூளை, அதே கை. எதைச் செய்யச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.