கேமராவுக்கு உள்கடன் கேட்டால் சிரிக்கலாமா?

(உக்கடத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடித்தாயிற்று. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதனால் போன கூட்டத்தில் பாதியில் நின்றுபோன ஒரு கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு அக்கா எழுந்து, "ஏனுங்க, கேமரா வாங்கறதுக்கு உள்கடன் குடுப்பாங்களா?" என்று கேட்டார். "ஸ்டுடியோ வைக்கப் போறயா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "இல்லீங்க, சும்மா, குளத்துல இருக்கற பறவைங்கள எடுக்கறதுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் உட்கார்ந்துவிட்டார். தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து உக்கடத்தில் இறங்கி, பெரியகுளத்தைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர் அவர்.

டி.வி. வாங்கக் கடன் கொடுத்திருக்கிறோம். கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்கக் கொடுத்திருக்கிறோம். அப்போது யாரும் சிரிக்கவில்லை. டி.வி.யும் சேலையும் வருமானம் தருகிற பொருளா? இல்லையே. ஆனால் அது வீட்டுக்கு. இது ஒரு பொம்பளை தன் சந்தோஷத்துக்காகக் கேட்டது. அதனால்தான் சிரிப்பு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பொழுதுபோக்குக்குக் கடனே கூடாது என்று குழு முடிவு செய்யலாம், அது குழுவின் உரிமை. ஆனால் அந்த விதி எல்லா ஆசைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி மற்ற கடனுக்குக் கேட்பதேதான்: எவ்வளவு, எதிலிருந்து கட்டுவாய், வாங்கப்போகும் பொருள் உனக்கு வேண்டிய வேலையைச் செய்யுமா?

கேமரா விஷயத்தில் அந்த மூன்றாவது கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் மகன் பறவை எடுக்கத்தான் ஆசைப்பட்டான். கடையில் போய் "நல்ல கேமரா குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தான். குளத்துக்குப் போய் எடுத்துப் பார்த்தால் கூழைக்கடா ஒரு வெள்ளைப் புள்ளி மாதிரி இருக்கிறது! கேமரா கெட்டது இல்லை. அதில் மாட்டியிருந்த லென்ஸ் தூரத்துப் பொருளுக்கானது இல்லை, அவ்வளவுதான். இதை யாரும் அவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவில் பாடி தனி, லென்ஸ் தனி. தையல் மெஷினும் ஊசியும் போல வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஒன்றுதான், துணிக்குத் தக்கபடி ஊசி மாறும். கடைக்காரர்கள் பாடியைப் பற்றியே பேசுவார்கள். இத்தனை மெகாபிக்சல், அத்தனை மெகாபிக்சல் என்பார்கள். கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை கேமராக்களிலேயே 24 மெகாபிக்சல் இருக்கிறது. பெரிய காகிதத்தில் பிரிண்ட் போடவும் அது போதும். அதற்கு மேல் காசு கொடுக்காதீர்கள். மிச்சம் பிடிக்கும் பணம் லென்சுக்குப் போகட்டும்.

லென்ஸ் மேலே 18-55, 55-250, 70-300 என்று எண்கள் எழுதியிருக்கும். மில்லிமீட்டர் கணக்கு அது. எண் சிறிதாக இருந்தால் பக்கத்தில் இருப்பது அகலமாக விழும்: வீட்டு முற்றம், கோயில் கோபுரம், கும்பலாக நிற்கும் சொந்தக்காரர்கள். எண் பெரிதாக இருந்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். ஒரு கணக்குச் சொல்கிறேன். பெரியகுளத்தில் நீலத் தாழைக்கோழி பார்த்திருப்பீர்கள், ஊதா நிறம், சிவப்பு மூக்கு, செடி மேல் நடந்து போகும். சுமார் ஒன்றரை அடி இருக்கும். கரையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், 55-இல் எடுத்த படத்தின் உயரத்தில் அது முப்பதில் ஒரு பங்குதான் வரும். அதே இடத்தில் நின்று 300-இல் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டே வரும். கண்ணும் மூக்கும் தெரியும். புது கேமராவோடு வழக்கமாகச் சேர்ந்து வருவது 18-55 லென்ஸ். பறவைக்கு அது உதவாது. 55-250 அல்லது 70-300 வேண்டும். பாடியை ஒரு படி மலிவாக வாங்கினாலும் பரவாயில்லை.

லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்றால், லென்ஸ் கழற்ற முடியாத நீள ஜூம் கேமராவும் உண்டு. 2020-இல் வந்த நிக்கான் பி950-இல் 83 மடங்கு ஜூம். குளத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்தையும் கிட்டே கொண்டுவரும். ஆனால் மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். ஓடும், பறக்கும் பறவையைப் பிடிப்பதும் சிரமம்.

எல்லோருக்கும் பறவை ஆசை இருக்காது. பேரக்குழந்தை, ஊர் நோம்பி, சாயங்கால வெளிச்சத்தில் வீட்டுக்குள் நடக்கும் விசேஷம் என்று எடுக்க நினைப்பவர்களுக்கு 50 மி.மீ., எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. ஜூம் கிடையாது, நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் நிறைய உள்ளே போகும். இருட்டில் பூனைக் கண்மணி விரிகிறதே, அதேதான். லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று அது. முகம் தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் வரும்.

நமக்கு எது வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் சொல்லும் வழி காசில்லாதது. மூன்று மாதம் கையில் இருக்கும் செல்போனில் எடுங்கள். அழித்துவிடாமல் நூறு படம் சேருங்கள். பிறகு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நூற்றில் எழுபது குழந்தையும் கோலமும் என்றால் உங்களுக்கு நீள லென்ஸ் வேண்டியதில்லை. ஒருவேளை கேமராவே வேண்டியதில்லை, செல்போனே போதும். எழுபது படத்தில் தூரத்துப் புள்ளியாகப் பறவை இருந்தால், அப்போது போய்க் கடன் கேளுங்கள். அந்த நூறு படத்தைக் குழுவிலும் காட்டுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒன்று கவனிக்கணும்: செல்போனில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தை வெட்டி ஊதிக் காட்டுவதுதான். அதைப் பார்த்துவிட்டு "என் போன்லயே நிலா தெரியுது" என்று முடிவு செய்துவிடக்கூடாது.

அடுத்தது பழைய கேமரா. கேனானும் நிக்கானும் இப்போது புது மாடல்களை மிரர்லெஸ் என்னும் வகையிலேயே கொண்டுவருகிறார்கள். அதனால் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பலர் விற்றுவிட்டு மாறுகிறார்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. எடுக்கும் படம் ஒன்றும் பழையதாகிவிடாது. ஆனால் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோமே, அது மாதிரி பார்க்கணும். லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல இழை ஓடியிருந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள், ஆட்டோ மீட்டர் மாதிரி அது கேமராவுக்குள் பதிவாகியிருக்கும். நிக்கான் டி3500-க்கு ஒரு லட்சம் தடவை தாங்கும் என்று கணக்கு. எண்பதாயிரம் ஓடியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உங்கள் மெமரி கார்டைப் போட்டு வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கறை தெரிகிறதா என்று. சார்ஜர் இருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா, இதையும் பார்க்கணும். பில் இல்லாமல் வாங்காதீங்க, திருட்டுச் சாமானாக இருந்தால் வம்பு.

பொருத்தம் பற்றி ஒன்று. கேனான் லென்ஸ் நிக்கானில் மாட்டாது, நிக்கான் லென்ஸ் கேனானில் மாட்டாது. ஒரே கம்பெனிக்குள்ளும் வித்தியாசம் உண்டு. கேனான் 1500டி-க்கு இஎஃப், இஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸ் சேரும். மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் சேராது. நிக்கான் டி3400, டி3500, டி5600 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய ஏஎஃப் லென்ஸ் மாட்டும், ஆனால் கையால் திருப்பணும். பறவை அதுவரைக்கும் காத்திருக்காதுங்க. இந்த எழுத்துகளை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நீள லென்ஸில் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். அதைக் குறைக்கும் வசதிக்கு நிக்கானில் விஆர், கேனானில் ஐஎஸ் என்று பெயர். சில 70-300, 75-300 லென்ஸ்களில் இது கிடையாது, அதனால்தான் விலை குறைவு. கேட்டு வாங்குங்கள். இருந்தாலும் அது நம் கை ஆடுவதைத்தான் பார்த்துக்கொள்ளும். பறவை அசைவதற்கு ஷட்டர் வேகம் வேண்டும். பறக்கும் பறவைக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வையுங்கள்.

இனி கடன் கணக்கு. 15,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 15 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் அசல் 1,000. முதல் மாத வட்டி 150, பிறகு பத்துப் பத்தாகக் குறையும். மொத்த வட்டி 1,200 ரூபாய். உங்கள் குழுவில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் 2,400. இந்த வட்டி நம் குழுவுக்குள்ளேயே இருக்கும். கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்றால் செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் அபராதம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து வசூல் செய்யும் கம்பெனிக் கடனை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். இது என் கண்டிப்பான கருத்து. குழந்தை படிப்புக்கோ மருந்துக்கோ கடன் நிலுவை இருக்கிறவர்கள் ஒரு வருஷம் பொறுக்கலாம், குளம் அங்கேயேதான் இருக்கும்.

அது தானாக இருந்துவிடவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். 2013-இல் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் கூடி மண் அள்ளித் தூர்வாரினார்கள். அந்த நொய்யல் தண்ணீரை நம்பித்தான் இன்றைக்குக் கூழைக்கடாவும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் வருகின்றன. படத்துக்காகக் கல்லெறிந்து பறக்க வைப்பது, கூட்டுக்குப் பக்கத்தில் போவது, இதெல்லாம் செய்யக்கூடாது.

பெண்ணுக்கு எதற்கு கேமரா என்பது புதுக் கேள்வி இல்லை. ஹோமாய் வியாரவாலா என்று ஒரு அம்மா, 1913-இல் குஜராத்தில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்காரர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பிறகு நேரு, காந்தி என்று சுதந்திர காலத்தையே சேலை கட்டிக்கொண்டு படம் எடுத்தார். 2011-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன், 1996 வரை வாழ்ந்தவர், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவால் யானையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கடையில் இருந்த விலை உயர்ந்த மாடலுக்காக அவர் காத்திருக்கவில்லை.

மதுரை பழனிக்குமார் மீன் விற்ற தாயின் மகன். கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் என்று உழைக்கிறவர்களை எடுப்பவர். 2022-இல் தயானிதா சிங்-பாரி விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் விடிகாலையில் நிற்கும் நம் பெண்களையும் அப்படி எடுக்கலாம். அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. மழைக்காலத்தில் கேமராவைத் துணிப் பையில் பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள். வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். லென்ஸை முந்தானையால் துடைக்கக் கூடாது (எல்லோரும் செய்வோம், தெரியும்), மணல் துகள் கீறிவிடும். முதலில் ஊதும் பம்பு, பிறகு லென்ஸ் துணி.

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015-இலிருந்து. கேமரா இல்லாமலும் கலந்துகொள்ளலாம், கண்ணும் நோட்டும் போதும். அதற்கு முன் நாம் ஒரு நாள் பெரியகுளம் போவோம். காலை ஏழு மணிக்குள் கரையில் இருக்கணும், வெயில் ஏறினால் பறவைகள் செடிக்குள் ஒதுங்கிவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நிற்கணும். செல்போன் இருக்கிறவர்கள் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 55-250 லென்ஸோடு கேமரா தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆளுக்குப் பத்துப் படம் எடுத்துப் பார்க்கலாம். வர நினைப்பவர்கள் கிளம்பும் முன் செயலாளர் அக்காவிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.