திரும்பும் வழி



சென்னையில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட் ஒன்றைக் கடலூரில் புதுப்பித்து, பேச்சற்றுப்போன அண்ணனைப் பார்க்கச் சிதம்பரம் கிளம்பினோம்.

வழியில் இருட்டியதும் முகப்பு விளக்கு மங்கியது. பல்பை மாற்றினோம், பயனில்லை. 6 வோல்ட் பேட்டரியும் நன்றாகவே இருந்தது. மெக்கானிக் ஒருவர் எர்த் வயர் முடுக்கிய இடத்தைக் காட்டினார்: நாங்கள் பூசிய புதுப் பெயிண்ட்! மின்சாரம் போகிறது; திரும்பத்தான் தடை. உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்தார், விளக்கு பளிச்சிட்டது.

அண்ணன் வாசலில், 'நாங்களே சரி' என்று எங்கள்மேல் பூசியிருந்ததையும் தேய்த்தோம், மன்னிப்புக் கேட்டோம். காணிக்கைக்கு முன்னே சகோதரரோடு நல்லுறவைக் கேட்கிறார் ஆண்டவர் (மத் 5:24). நம் வீட்டில் எந்தப் பூச்சு வெளிச்சத்தைத் தடுக்கிறது? இன்றே தேய்ப்போம். ஆமென்.